தோலுக்கடியில் ஒரு நெல்

மெர்லின் தன் அம்மாவின் முகத்தை மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். இதை ஜெசிந்தா பிற்பாடு டாக்டரிடம் சொன்னாள், கணவனிடம் சொன்னாள், நான்கு பேர் உட்கார்ந்திருந்த மேல்முறையீட்டுக் குழுவிடமும் சொன்னாள். மற்ற விவரங்கள் முன்னே பின்னே மாறினாலும் மூன்று முறை என்பதை மட்டும் அவள் மாற்றிச் சொன்னதே இல்லை.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தூத்துக்குடியில் கடலுக்குள் கொஞ்ச தூரம் நீளும் பழைய கல்லணை ஒன்றில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். மாதா கோயில் பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு காற்று வாங்க வந்தவள். அலை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. எட்டு வயது மெர்லின் பாறை பாறையாகத் தாண்டி நுனிப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது ஒரு முறை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஜெசிந்தா சிரித்தாள். முழங்காலைத் தொட்டபோது இன்னொரு முறை பார்த்தாள். மூன்றாவது முறை பார்த்தபோது குழந்தையின் வாய் கோணி, அழுகைக்குத் தயாராக இருந்தது. அம்மாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அம்மா பேசாமல் இருக்கிறாள் என்றால் இதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று அந்தப் பிள்ளை அடுத்த பாறையில் கால் வைத்தது.

அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணிதான் கூடையைப் போட்டுவிட்டு ஓடி, மெர்லினின் கவுனைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அலை இரண்டு பேர் தலைக்கு மேலும் வந்து போனது. முழங்கையில் சிராய்ப்போடு, சொட்டச் சொட்ட நனைந்தபடி அந்த அம்மாள் கரைக்கு வந்து ஜெசிந்தாவைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ பெத்தவதானா? பாத்துக்கிட்டுதான இருந்த? ஒனக்கு ஈரக்குலை பதறலையாட்டி?"

ஜெசிந்தா யோசித்துப் பார்த்தாள். அலை வருவது தெரிந்தது. பிள்ளை நுனியில் நிற்பதும் தெரிந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அதையே பதிலாகச் சொன்னாள். கடலைக்காரம்மாளின் கண் ஜெசிந்தாவின் மணிக்கட்டில் இருந்த பட்டையில் விழுந்தது. "நெல்லு வச்சவளா," என்றாள். சிதறிய கடலையைப் பொறுக்கப் போய்விட்டாள்.

நெல் என்பது ஊர் வைத்த பெயர். மருந்துக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது, யாருக்கும் வாயில் நுழையாதது. நெல்மணி அளவில் ஒரு குப்பி. மேல்கையின் உட்புறத்தில், தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். மணிக்கட்டுப் பட்டை இரத்த ஓட்டத்தையும் வியர்வையையும் பார்த்து உடம்பில் எவ்வளவு பயம் இருக்கிறது என்பதை ஓர் எண்ணாகக் காட்டும். நெல் எப்போதும் துளித்துளியாக மருந்து விட்டுக்கொண்டிருக்கும், எண் அதற்கென்று வைத்த கோட்டைத் தாண்டினால் முழுதாகத் திறந்து கூடுதலாக விடும். வருடத்துக்கு ஒரு முறை ஊசியால் நிரப்பிக்கொண்டால் போதும்.

ஜெசிந்தா மாவட்ட அவசர அழைப்பு மையத்தில் வேலை பார்த்தாள். உதவி கேட்டு வரும் போன்களை எடுத்து, இடம் கேட்டு, வண்டி அனுப்பி, வண்டி போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டிருப்பது அவள் வேலை. நெல் வைப்பதற்கு முன், ஒரு நாள் தீப்பெட்டி ஆலை ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினாள். உள்ளே புகை, கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறது என்றாள். வண்டி போய்ச் சேர்வதற்குள் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஜெசிந்தாவால் எந்தக் கதவையும் மூட முடியவில்லை. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளித்தாள். கைக்குழந்தை மூச்சு விடுகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உப்பு லாரி ஓட்டும் கணவன் ரூபனுக்கு ஒரு நாளில் இருபது தடவை போன் போட்டாள். சோறு இறங்கவில்லை. கடைசியில் மையத்திலேயே மயங்கி விழுந்தபோது நெல் வைத்தார்கள்.

அது அவளைக் காப்பாற்றியது. அதில் சந்தேகமில்லை. ஒரே வாரத்தில் சாப்பிட்டாள், தூங்கினாள், மறுபடி போன் எடுத்தாள். மூன்று மாதத்துக்கு என்று வைத்தது. நன்றாக இருக்கும்போது எதற்கு எடுக்க வேண்டும் என்று யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஏழு வருடம் ஓடிவிட்டது.

அந்த ஏழு வருடத்தில் நெல் ஊரெல்லாம் முளைத்துவிட்டது. பஸ் டிரைவர்கள், நர்சுகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், கல்யாணம் ஆகப் போகிறவர்கள் என்று ஆளாளுக்கு வைத்துக்கொண்டார்கள். ரோட்டில் ஹாரன் சத்தம் குறைந்தது. ரேஷன் கடை வரிசையில் சண்டை இல்லை. இதையெல்லாம் யாரும் குறையாகச் சொல்ல முடியாது. மையத்துக்கு வரும் போன்களில்தான் வித்தியாசம் தெரிந்தது. நெஞ்சு வலி இரண்டு நாளாக இருக்கிறது, நேரம் கிடைத்தால் வண்டி அனுப்புங்கள் என்று சாவகாசமாகப் பேசினார்கள். வண்டி போகும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருந்தது.

கல்லணைச் சம்பவத்துக்குப் பிறகு மெர்லின் அம்மாவிடம் அழுவதை நிறுத்திவிட்டாள். கீழே விழுந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய் அழுதாள். ஜெசிந்தாவுக்கு அது வலிக்கவில்லை. ஆனால் வலித்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் அரசு மருத்துவமனையில் டாக்டர் பரக்கத் நிஷாவைப் பார்க்கப் போனாள்.

டாக்டர் காயல்பட்டினத்துக்காரி. ஜெசிந்தாவைவிட ஐந்தாறு வயது சின்னவள். அவள் கையில் நெல் இல்லை. அளவு பார்த்துக்கொள்ள ஒரு பட்டை மட்டும் கட்டியிருந்தாள். ஜெசிந்தா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நல்ல மருந்துதான் அக்கா. நானே எத்தனையோ பேருக்கு வச்சு விட்டிருக்கேன். ஆனா இது ஒரு மூணு மாசம் கைய புடிச்சு நடத்துறதுக்கு வந்தது. கூடவே குடியிருக்க வந்தது இல்ல," என்றாள்.

"அப்ப எடுத்துருங்க."

"சட்டுனு எடுக்கக் கூடாது. ஏழு வருசமா மருந்து பாத்துக்கிடும்னு உங்க மூளை தன்னோட பிரேக்க கழட்டி வச்சிருச்சு. திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரும். உசுருக்கே ஆபத்து."

ஜெசிந்தாவுக்கு அது தெரியும். மையத்தில் அவளோடு வேலை பார்த்த சார்லஸ் எங்கேயோ வெளியூரில் காதும் காதும் வைத்தாற்போல் நெல்லைக் கீறி எடுத்துக்கொண்டு வந்தான். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து விழுந்து பல் உடைந்தது. இப்போது அவனுக்கு இரண்டு கையிலும் நெல். சௌக்கியமாக இருப்பதாகச் சொல்கிறான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், ஆனால் அதில்தான் சிக்கல் என்றாள் டாக்டர். மருந்து குறையக் குறைய உடம்பு படபடக்கும், நடுங்கும். அது பழைய நோய் திரும்பி வருவது இல்லை, மருந்து விலகும் வேதனை. சில மாதத்தில் தானாக அடங்கிவிடும். ஆனால் பட்டைக்கு இரண்டும் ஒன்றுதான். எண் ஏறினால் நெல் திறந்துகொள்ளும். சட்டப்படி தொண்ணூறு நாள் தொடர்ந்து எண் கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் நெல்லை எடுக்க அனுமதி. ஒரு நாள் தாண்டினாலும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

"பயப்படாம இருக்கவங்களுக்குத்தான் கதவு திறக்கும்னு சொல்லுதிய," என்றாள் ஜெசிந்தா.

"ஆமா. ஆனா பயப்படாம இருக்கவங்க யாரும் கதவு எங்க இருக்குன்னு கேக்குறதில்லக்கா. ஏழு வருசத்துல கேட்டு வந்த மூணாவது ஆளு நீங்க."

முதல் முயற்சி பத்தொன்பது நாள் நின்றது. டாக்டர் அளவைக் குறைத்த இரண்டாவது வாரத்தில் வெளிச்சம் கண்ணில் குத்தத் தொடங்கியது. குழாய் சொட்டும் சத்தம் பல்லுக்குள் கேட்டது. தோலுக்கும் சதைக்கும் நடுவில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பத்தொன்பதாம் நாள் வேலையில் இருந்தபோது மையத்தின் கண்ணாடிக் கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது. எண் கோட்டைத் தாண்டியது. மேல்கையில் ஊசிமுனை அளவுக்குச் சில்லென்று ஒரு குளிர்ச்சி. நெல் திறந்துவிட்டது. திறந்த மருந்து தலைக்கு ஏறப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். சொன்னபடியே பன்னிரண்டாவது நிமிடத்தில் எல்லாம் அடங்கிப் போனது.

அதற்கப்புறம் நடந்ததுதான் மோசம். ஜெசிந்தா தானே டாக்டருக்குப் போன் செய்து, இந்த முயற்சியே வேண்டாம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மனதார அப்படித்தான் நினைத்தாள். இரண்டு மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டு, முதலில் வந்தபோது நீங்களே சொன்னது இது என்று குறிப்பைப் படித்துக் காட்டிய பிறகுதான் மறுபடி போனாள். இரண்டாவது முயற்சி நாற்பதாம் நாள் உடைந்தது. அப்போதும் அதே கதைதான். பயத்தில் இருக்கும் ஜெசிந்தா ஒரு முடிவு எடுப்பாள், அமைதியான ஜெசிந்தா புன்னகையோடு அதை ரத்து செய்வாள். இரண்டு பேருக்கும் கையெழுத்து ஒன்று.

டாக்டர் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தாள். எண்ணைப் பார்க்காமல், மருத்துவர் சொல்வதை வைத்து நெல்லைப் படிப்படியாக நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்பது கோரிக்கை. கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் விசாரணை. நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் நல்லவர்கள். தண்ணீர் கொடுத்தார்கள், மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள். கல்லணையில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். தலைவர், "உங்க நிலைமை எங்களுக்கு நல்லா புரியுதும்மா," என்றார். புரிந்திருக்கிறது என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஜெசிந்தாவின் கண் நான்கு மணிக்கட்டுகளுக்குப் போனது. இருபத்திரண்டு, இருபத்தைந்து, பத்தொன்பது, இருபத்துநான்கு. ஒரு பிள்ளை கடலுக்குள் போன கதையைக் கேட்கும்போது அந்த நான்கு எண்களில் ஒன்றுகூட அசையவில்லை. அவசரமாக எதையும் செய்ய வேண்டியதில்லை, அடுத்த வருடம் பரிசீலிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே வராந்தாவில் டாக்டர் ஃபைலைச் சுவரில் ஓங்கி அடித்தாள். அந்தக் கட்டடத்தில் அன்றைக்குக் கேட்ட ஒரே கோபமான சத்தம் அதுதான். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் டாக்டர். "நீங்க நெல்லு வைக்கும்போது கோடு அறுபதுல இருந்துச்சு. இப்ப எத்தன தெரியுமா? நாப்பத்துநாலு."

"யாரு குறைச்சது?"

"யாரும் குறைக்கல. பட்டை கட்டின எல்லாரோட சராசரிய வச்சு வருசா வருசம் கோடு போடுறாங்க. பாதி ஊரு நெல்லு வச்சிருச்சு, அதனால சராசரி எறங்குது. கோடும் கூடவே எறங்குது. கோடு எறங்குனா, நேத்துவரைக்கும் நல்லா இருந்தவன் இன்னைக்கு நோயாளி. அவனுக்கும் நெல்லு. அடுத்த வருசம் இன்னும் எறங்கும்." அவள் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். "என்னோடது இது. சும்மா உக்காந்து டீ குடிக்கும்போதே நாப்பத்தஞ்சு. எனக்கு ஒரு சீக்கும் இல்லக்கா."

மூன்றாவது முயற்சியில் டாக்டர் வேறு வழி பார்த்தாள். வாரம் ஒரு முறை, முன்பு குறைத்ததில் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைத்தாள். அது முழுவதும் இறங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கடைசி அளவுக்கு வந்த பிறகுதான் தொண்ணூறு நாள் கணக்கைத் தொடங்கினார்கள்.

ரூபனுக்கு இதில் விருப்பமில்லை. அதை அவன் மறைக்கவும் இல்லை. பழைய நாட்களுக்குத் திரும்பிப் போகத் தனக்குத் தெம்பில்லை என்று சொன்னான். "நீ இப்ப இருக்க மாதிரியே இருந்தா எனக்கு லேசா இருக்கு ஜெசி. இத சொல்லுதது தப்புன்னு தெரியும். ஆனா பொய் சொல்லத் தெரியல," என்றான். ஜெசிந்தாவுக்கு அவன் மேல் வருத்தம் வரவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு நாள் குளியலறைக்குள் அவள் மூச்சு வாங்க நின்றது தெரிந்ததும் அவனே திருப்புளி எடுத்து வந்து கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டான். நான்கு திருகாணிகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லாரிக்குப் போனான்.

படபடப்பு வரும்போது ஜெசிந்தா தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். போனில் பேசுகிறவர்களிடம் கேட்கும் கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொண்டாள். எங்க இருக்கீங்க? பக்கத்துல என்ன தெரியுது? கூட யாரு இருக்கா? மூச்சு விட முடியுதா? பதில் சொல்லி முடிக்கும்போது எண் இரண்டு மூன்று இறங்கியிருக்கும். பயத்தைத் துரத்த முடியாது, ஆனால் அதை உட்கார வைத்துப் பேச முடியும் என்று அவள் கண்டுகொண்டாள். ஐம்பதாம் நாள் மெர்லின் பள்ளியிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானது. ஜெசிந்தா வாசலுக்கும் தெருமுனைக்கும் நாலு தடவை நடந்தாள். எண் முப்பத்தொன்பது. மகள் வந்து சேர்ந்ததும் ஏன் லேட்டு என்று சத்தம் போட்டாள். ஒன்பது வயது மெர்லின் அவள் முகத்தையே வெறித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை.

எழுபத்தேழாம் நாள் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மாணவர் நலப் பொறுப்பில் இருந்த சங்கரவடிவு டீச்சர் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். மெர்லினை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஜெசிந்தாவை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். இந்த வருடத்திலிருந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் பட்டை கட்டிப் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தார். மெர்லினுடைய சராசரி நாற்பத்துநான்கு.

"இந்த வருசம் கோடு நாப்பத்திரண்டு. அதுக்கு ரெண்டு மேல. பெரிய விஷயம் இல்ல," என்றார் டீச்சர். "சின்ன வயசுலயே பாத்துக்கிட்டா பிள்ளைக்கு நல்லது. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துலயே வந்து நெல்லு வச்சிருவாங்க. நீங்க இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

எங்க இருக்கீங்க? பள்ளிக்கூடத்துல. பக்கத்துல என்ன தெரியுது? ஒரு மேசை, சுவர்க் கடிகாரம், சாத்தின கதவு. கூட யாரு இருக்கா? இந்தக் கேள்வியில் ஜெசிந்தா நின்றுவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கை அவள் நினைவுக்கு வந்தது. மேல்கையின் உட்புறம், மெல்லிய தோல். மூன்று மாதத்துக்கு என்று வைப்பார்கள்.

எண் முப்பத்தெட்டிலிருந்து நாற்பதானது. நாற்பத்தொன்று. அவள் மூச்சை இழுத்து மெதுவாக விட்டாள். இறங்கவில்லை. நாற்பத்துமூன்று. கையில் சில்லென்று குத்தியது.

பதினொன்று பத்து. எழுபத்தேழு நாள் போய்விட்டது. அதற்காக அழ அவளுக்கு நேரமில்லை. பதினொன்று இருபத்திரண்டுக்கு அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். டீச்சர் சொல்வது எல்லாம் அவளுக்குச் சரியாகப் படும். அவளை ஜெசிந்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

சம்மதம் இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். டீச்சர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் வேறொரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பெற்றோர் காரணத்தைத் தங்கள் கைப்பட எழுத வேண்டும், பதிவு செய்துவிட்டால் அடுத்த பரிசோதனை மூன்று வருடம் கழித்துத்தான் என்று விளக்கினார். பேனாவும் கொடுத்தார்.

ஜெசிந்தா கோடு இறங்குவதைப் பற்றி எழுதத் தொடங்கினாள். சராசரி, அறுபது, நாற்பத்திரண்டு. நாலு வரி எழுதியதும் நிறுத்தினாள். கடிகாரம் பதினொன்று பதினைந்து. இதையெல்லாம் அந்த இன்னொருத்தி படித்துவிட்டு, இதற்கும் ஒரு பதில் இருக்குமே என்று தலையாட்டுவாள். ஜெசிந்தா நாலு வரியையும் அடித்தாள். எழுத்து கோணல் மாணலாக வந்தது. புதிதாக மூன்று வாக்கியம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். டீச்சர் நிதானமாக வாங்கி, முத்திரை குத்தி, கணினியில் ஏற்றி, நகல் ஒன்று எடுத்துக் கொடுத்தார். அப்போது பதினொன்று இருபது.

பிறகு அது வந்தது. தோள்பட்டை தானாக இறங்கியது. உள்ளங்கை வியர்வை காய்ந்தது. ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நல்ல முகத்தோடு ஒரு டீச்சர் இருந்தார். மேசை மேல் சாமந்திப் பூ வைத்திருந்தார்கள். அறை குளுகுளு என்று இருந்தது. எதற்காக இவ்வளவு அவசரப்பட்டோம் என்று அவளுக்கு லேசாகக் கூச்சமாக இருந்தது.

மறுப்புச் சொல்கிறவர்களுக்கும் ஒரு முறை நன்மைகளை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி என்று டீச்சர் அதையும் சொன்னார். பிள்ளை நன்றாகத் தூங்கும், பரீட்சைக்குப் பயப்படாது, இருட்டுக்குப் பயப்படாது. ஜெசிந்தா முழுவதையும் கேட்டாள்.

"நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கு டீச்சர். வச்சிருங்க. அந்தக் கையெழுத்தப் போட்டுருதேன்," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

டீச்சர் சம்மதப் படிவத்தை எடுத்தார். எடுத்தவர், முறைப்படி முதலில் எழுதியதைப் படித்தாக வேண்டும் என்று ஜெசிந்தாவின் தாளைக் கையில் எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவருக்கும் நெல் உண்டு. அவசரம் என்பதே இல்லாத குரலில் வாய்விட்டுப் படித்தார்.

"எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. இன்னும் சில நிமிடத்தில் இந்தப் பயம் போய்விடும். போன பிறகு நான் சம்மதம் என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்."

இரண்டாவது முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத எழுதுனது நீங்கதானம்மா?"

"நாந்தான்."

"இப்ப பயம் இருக்கா?"

"இல்ல டீச்சர்."

சங்கரவடிவு டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை, அவரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. "அப்ப நான் ஏத்துக்கிட முடியாது," என்றார். "எழுத்துல இருக்கதுதான் செல்லும். மூணு வருசம் கழிச்சு பாத்துக்கிடுவோம்." அப்படிச் சொல்லிவிட்டுச் சம்மதப் படிவத்தைத் திரும்ப மேசைக்குள் வைத்தார். ஜெசிந்தாவுக்கு அதுவும் சரியாகத்தான் பட்டது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

மதியம்வரை விடுப்புச் சொல்லி மெர்லினையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிழல் இருந்தது. அம்மாவின் கையில் மடங்கியிருந்த நகலை மெர்லின் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடித்திருந்த நாலு வரியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் மணிக்கட்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். இருபத்தொன்று.

"அம்மா, இத நீயா எழுதுன?"

"ஆமா."

"ஒனக்கு அவ்வளவு பயமா இருந்துச்சா?"

ஜெசிந்தா உள்ளே தேடிப் பார்த்தாள். நாற்காலி ஞாபகம் இருந்தது, கடிகாரம் ஞாபகம் இருந்தது, பேனாவின் நிறம்கூட ஞாபகம் இருந்தது. மற்றது கிடைக்கவில்லை. மகளின் கையில் இருந்த கோணல் எழுத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இருந்திருக்கு," என்றாள்.

மெர்லின் தாளை நான்காக மடித்துத் தன் பைக்குள், அறிவியல் நோட்டுக்கு நடுவில் வைத்தாள். "இது என்கிட்டயே இருக்கட்டும். ஒன்கிட்ட இருந்தா யாரு கேட்டாலும் குடுத்துருவ," என்றாள். பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் கையை நீட்டினாள்.

"போன தா. டாக்டர் ஆன்ட்டிகிட்ட நான் பேசணும். மறுபடி ஒண்ணுலருந்து எண்ணணும்னு சொல்லணும்."

எதற்கு என்று கேட்காமல் ஜெசிந்தா போனை எடுத்துக் கொடுத்தாள்.